கொழுவி விடவில்லை

ஒரு இரும்புக் குண்டைப் பற்றி எங்கள் வீட்டு முற்றத்தில் மூன்று கிழமை வாக்குவாதம் நடந்தது. தேசிக்காயை விடக் கொஞ்சம் பெரிய குண்டு, அவ்வளவுதான். அதை வைத்து என் புருஷனுடைய பழைய ஒஸ்டின் காருக்குப் பின்னால் ஒரு கரவன் வண்டியைக் கொழுவ வேண்டும். அந்தக் கரவனுக்குள் என்னைப் படுக்க வைத்து, திருகோணமலையிலிருந்து தம்புள்ளைக்கு அப்பால் இருக்கிற ஒரு எலும்பு வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். பேசினவர்கள் இரண்டு பேர்: என் புருஷன் றஊப், மற்றது கனகரத்தினம் பாஸ். யன்னலோரக் கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தவள் நான். எனக்குக் காது நன்றாக வேலை செய்தது. இடுப்புக்குக் கீழேதான் ஒன்றும் வேலை செய்யவில்லை.

அறுபத்துமூன்றாம் ஆண்டு நோன்புக்கு முன்னால் ஒட்டறை அடிக்க ஸ்டூலில் ஏறினேன். ஸ்டூலின் ஒரு கால் கழன்று நான் அம்மியின் மேல் விழுந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி இப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் முகட்டைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எந்த ஓட்டில் வெடிப்பு, எந்தச் சலாகையில் பல்லி முட்டையிடும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். யன்னல் என் தலைமாட்டில் இருந்ததால் அதன் வழியாகச் சத்தம் வரும், வெளிச்சம் வரும், வேறொன்றும் வராது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பொறுமையாக இரு என்று சொல்லிவிட்டு எழும்பி நடந்து போனார்கள். நடந்து போகிறவர்களுக்கு அதைச் சொல்வதில் என்ன கஷ்டம்?

றஊப் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவர் வாடகைக் கார் ஓடுகிறவர். காரில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் என் முதுகைப் பற்றித்தான் கதை. அப்படி ஒருவர் சொல்லித்தான் அந்தச் சிங்கள வைத்தியரைப் பற்றித் தெரிய வந்தது. இவர் தனியாகப் போய் விசாரித்துவிட்டு வந்தார். ஆளைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது, கொண்டு வந்தால் மூன்று மாதம் எண்ணெய் கட்ட வேண்டும், தங்குவதற்கு இடம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். எழும்பி நிற்க வாய்ப்பிருக்கிறதா என்று கேட்டதற்கு, “இருக்கலாம்” என்றாராம்.

அந்த “இருக்கலாம்” எங்கள் வீட்டில் இரண்டு மாதம் நடுக்கூடத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது.

போவது எப்படி என்பதுதான் கேள்வி. எனக்கு உட்கார முடியாது. ஒருமுறை ரயிலில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். கந்தளாய் வருவதற்குள் குலுக்கலில் எனக்கு மயக்கம் வந்து, இறக்கித் திருப்பிக் கொண்டு வந்தார்கள். அந்த நேரத்தில்தான் கரவன் வந்தது. துறைமுகத்தில் வேலை செய்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் கப்பலில் இறக்கி, உப்புவெளிக் கடற்கரையில் நிறுத்தி வைத்து, லீவு நாட்களில் படுத்த வண்டி அது. அவர் ஊருக்குப் போகும்போது, தனக்கு அடிக்கடி கார் ஓடிய றஊப்பிடம் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். அவர் பாவிக்காமல் விட்ட நாட்களில் யாரோ அதில் கோழி அடைத்திருந்தார்கள். இவருடைய அக்கா, ரபீக்கா ராத்தா, மூன்று நாள் உரஞ்சிக் கழுவினாள். இவர் உள்ளுக்கெல்லாம் பச்சைப் பெயின்ற் அடித்தார். நாலு சுவரும் கூரையும் குசினி மூலையும் உள்ள, சில்லு வைத்த வீடு. போவதற்கும் அதுதான், மூன்று மாதம் தங்குவதற்கும் அதுதான்.

கொழுவி மட்டும் இல்லை. கரவனுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஏர்க்கால் நுனியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு வாய் இருந்தது. அதற்குள் போய் உட்கார வேண்டிய குண்டு வெள்ளைக்காரரின் காரோடு போய்விட்டது.

கனகரத்தினம் பாஸ் யுத்த காலத்திலிருந்து டொக்யார்டில் பிற்றராக இருந்தவர். வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போன பிறகு துறைமுக ரோட்டில் சொந்தமாக ஒரு கடைசல் பட்டறை வைத்திருந்தார். அவர் கையால் செய்த எதுவும் கழன்றது கிடையாது என்பது ஊர்க் கதை. அவரே அதை ஊருக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவார்.

“வயல் உழுற றெக்ரருக்குப் போடுற மாதிரி ஓட்டையும் ஊசியும் போட்டா என்ன பாஸ்?” என்று கேட்டார் இவர்.

“போடலாம். ஒரு நாளும் கழராது. ஆனா ஊசிக்கும் ஓட்டைக்கும் இடையில ஆட்டம் இருக்கும் நானா. நீங்கள் எடுக்கேக்க ஒரு இடி, நிப்பாட்டேக்க ஒரு இடி. நெல்லு மூட்டைக்கு அது தெரியாது. இந்த வண்டிர பலகையெல்லாம் கழண்டு போகும்.”

“அப்ப கொழும்பில குண்டு விக்கிறாங்களாம்.”

“கொண்டு வாங்கோ பாப்பம்.”

கொழும்பிலிருந்து வந்தது. பாஸ் அளவுகோலைப் போட்டுப் பார்த்தார். கிண்ணம் இரண்டு அங்குலம், குண்டு அதை விட நூலளவு சின்னது. இவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இறுக்கிப் பூட்டினால் சரிதானே என்றார். பாஸுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நூலளவு எண்டு நீங்கள் சொல்லுறியள். பள்ளத்தில ஒருக்கா துள்ளினா அந்த நூலளவுக்குள்ளாலதான் அது வெளியால வரும். பிறகு வண்டி ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். இதைக் கொண்டுபோய் மேசையில வச்சுக் கடதாசிக்குப் பாரம் வையுங்கோ.”

இப்படியே மூன்று கிழமை. நான் கட்டிலில் கிடந்தபடி ஒரு நாள் ஊசியின் பக்கம், ஒரு நாள் குண்டின் பக்கம். கேட்கிற எனக்கும் ஒரு நாள் எழும்பிப் போய் இரண்டு பேரையும் ஒன்றாகக் கொழுவிவிட்டால் என்ன என்று இருந்தது.

பிறகுதான் பாஸுக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. வண்டி வெறுமையாகப் போகும், என்னை வேறு எப்படியோ கொண்டுபோவார்கள் என்று நினைத்திருந்தாராம். “ஆளை ஏத்தியோ இழுக்கப் போறியள்? அது கூடாது நானா. இழுபடுற வண்டிக்குள்ள ஆள் இருக்கப்படாது. டொக்யார்டில துரைமாரும் அதுக்கு விடமாட்டினம்” என்றார். இவர் அவரை உள்ளே கூட்டி வந்தார். நான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். பாஸ் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். என் கால்களைப் பார்த்தார். போர்வைக்குள் இரண்டு மூங்கில் தடி மாதிரி அவை கிடந்தன.

“மூண்டு வருஷமோ தங்கச்சி?”

“ஓம் பாஸ்.”

அதற்குப் பிறகு அவர் கூடாது என்று சொல்லவில்லை. கப்பல் தண்டு ஒன்றின் துண்டை லேத்தில் பூட்டி, நாலு நாள் இருந்து ஒரு குண்டு கடைந்தார். கிண்ணத்துக்குள் போட்டால் காற்றுப் போக இடமில்லை. அதற்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு ஊசி, ஊசிக்கு ஒரு கம்பி. அது போதாதென்று ஏர்க்காலுக்குக் கீழே இரண்டு சங்கிலியைக் குறுக்காகப் போட்டார். “இனி இந்தக் காரை விட்டு இந்த வண்டி போகாது நானா. என்ன வந்தாலும் விடாது” என்றார். நான் உள்ளே இருந்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

இனி நான் கேட்டதைச் சொல்ல வேண்டும். கரவனில் வெள்ளைக்காரருடைய கட்டில் முன்பக்கம், ஏர்க்காலுக்கு மேலாக இருந்தது. அங்கே ஒரு சின்ன யன்னல், அதுவும் உயரத்தில். பின்பக்கத்தில் அகலமான கண்ணாடி, கட்டில் மட்டத்துக்கு. ரபீக்கா ராத்தா கழுவிவிட்டு வந்து அதைப் பற்றிச் சொன்னாள்.

“மச்சான், கட்டிலைப் பின்னுக்குப் போட ஏலாதா?” என்று நான் இவரிடம் கேட்டேன். “மூணு வருஷமா முகட்டைப் பார்த்தாச்சு. ரோட்டையாவது பார்த்துக்கிட்டு வாறன்.”

“அதுக்கென்ன புள்ள” என்றார். அன்றைக்கே கட்டிலைக் கழற்றிப் பின்பக்கம் போட்டு ஆணி முறுக்கினார். அவரிடம் நான் எதைக் கேட்டு இல்லை என்று சொல்லியிருக்கிறார்?

மூன்று மாதச் சாமான் ஏற்றும்போதுதான் அவருடைய வாப்பாவின் பிள்ளை அவருக்குள் எழும்பியது. அவருடைய வாப்பா கிண்ணியாவில் மாட்டு வண்டி வைத்திருந்தவர், தம்பலகாமத்து நெல்லெல்லாம் அவர் வண்டியில்தான் வரும். வண்டிலில் பாரம் ஏற்றினால் மாட்டின் கழுத்தில் அழுத்தக் கூடாது. முன்னும் பின்னும் சரிபார்த்து ஏற்றி, கடைசியில் நுகத்தடியை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்குப்பட்டால் பாரம் சரி, மாடு நோகாது. இவரும் அரிசி மூட்டையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார், தண்ணீர்ப் பீப்பாவைப் பின் மூலையில் வைத்தார், முன்னுக்கு இருந்த அலுமாரியை வெறுமையாக்கினார். பிறகு ஏர்க்காலை ஒரு விரலால் தூக்கினார். அது எழும்பியது.

“பாஸ், இஞ்ச வாங்க. இதைத் தூக்கிப் பாருங்க.”

பாஸும் ஒரு விரலால் தூக்கினார். “சா, பூப்போல கிடக்கு. கொழுவிக்குப் பாரமே இல்ல” என்று பாராட்டினார். ஒருவர் கப்பல் இரும்பை அறிந்தவர், ஒருவர் மாட்டின் கழுத்தை அறிந்தவர். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது. நானும் சந்தோஷப்பட்டேன். மாட்டு வண்டி மணிக்கு இரண்டு கட்டை போகும், கார் முப்பது கட்டை போகும் என்பது அந்த முற்றத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என்னோடு உள்ளே ஆள் இருந்தால் பாரம் கூடும் என்று பாஸ் சொன்னதால், ரபீக்கா ராத்தா மறுநாள் பஸ்ஸில் வருவதாக முடிவானது. நான் தனியாகக் கிடப்பேன். அதற்கும் இவர் ஒரு வழி செய்தார். வாப்பாவின் மாட்டுக் கழுத்தில் கட்டியிருந்த வெண்கல மணி ஒன்று அவர் காரில் எப்போதும் தொங்கும். அதைத் தன் காதுக்குக் கிட்டக் கட்டி, தூண்டில் நைலோன் ஒன்றை அதிலிருந்து கார்க் கண்ணாடி வழியாக, ஏர்க்கால் வழியாக, கரவனுக்குள் என் கைக்குக் கொண்டு வந்தார்.

“என்னவும் வேணுமெண்டா இழு. நீ இழுத்தா நான் அந்த இடத்திலேயே நிப்பன்.”

நாங்கள் இரண்டு பேருமாகக் கடற்கரை மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். நான் இழுத்தேன். மணி சத்தம் போட்ட மறு நிமிஷம் வண்டி நின்றது. திரும்பவும் இழுத்தேன், திரும்பவும் நின்றது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நான் சொன்னதை ஏதோ ஒன்று கேட்டது. சின்னப் பிள்ளை மாதிரி ஐந்தாறு தரம் இழுத்தேன். இவர் ஒரு தரமும் சினக்கவில்லை.

வெள்ளி தவிர்த்துச் சனிக்கிழமை, ஸுபஹ் தொழுதுவிட்டு, விடிந்த பிறகு வெளிக்கிட்டோம். பாஸ் வந்து பூட்டைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், சங்கிலியை உதைத்துப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே அவர் கையை உயர்த்தி நின்றது சின்னதாகிச் சின்னதாகிப் போனது. என் வீடு போனது. பள்ளிவாசல் போனது. பிறகு உள்துறைமுகம் முழுதாக என் கண்ணாடிக்குள் வந்தது. கப்பல் இரண்டு நின்றன. தண்ணீர் காலை வெயிலில் மினுங்கியது. மற்றவர்கள் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள், நான் விட்டுவிட்டு வந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டு போனேன். எனக்கு அது போதும், அழுகை வந்தது, அதுவும் நல்ல அழுகை.

தம்பலகாமச் சந்தியில் நிறுத்தி, இவர் ஒரு கோப்பை பிளேன்ரீ வாங்கிக் கொண்டுவந்து, என் தலையைத் தூக்கிப் பருக்கினார்.

“நோகுதா?”

“இல்ல மச்சான். குண்டு நல்ல குண்டு, ஒரு இடியும் இல்ல.”

“கொஞ்சம் வால் ஆடுற மாதிரிக் கிடக்கு. உனக்குத் தெரியுதா?”

எனக்குத் தெரிந்தது. ஊஞ்சல் மாதிரி மெல்ல அந்தப் பக்கம், மெல்ல இந்தப் பக்கம். நோகவில்லை என்பதால் நான் அதைச் சொல்லவில்லை. “கொஞ்சம் ஆடுது. தாலாட்டுற மாதிரித்தான்” என்றேன். அவர் சிரித்தார். நான் சொன்னபடியால் அவருக்கு மனம் ஆறியிருக்கும். கோப்பையைக் கடையில் கொடுத்துவிட்டு வந்து, கண்ணாடியில் என் மூச்சுப் புகையைத் தன் சாரத்து நுனியால் துடைத்துவிட்டு முன்னுக்குப் போனார். அவர் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

கந்தளாய்க்கு முன்னால் ஒரு நீண்ட இறக்கம் இருக்கிறது. முடிவில் ஒரு மதகு. இறக்கத்தில் கார் வேகம் எடுத்தது. ஆட்டம் பெரிதானது. கண்ணாடிக்குள் ரோட்டின் இரண்டு கரையும் மாறி மாறி வந்தன: இந்தப் பக்கப் பற்றை, அந்தப் பக்கப் பற்றை. ஒவ்வொரு தடவையும் போன தடவையை விட அதிகம். பீப்பாவில் தண்ணீர் அடிக்கிற சத்தம் என் காதுக்குள் கேட்டது. அரிசி மூட்டை கட்டிலின் காலில் மோதியது. நான் கட்டில் சட்டத்தைப் பிடித்தேன். இடுப்புக்குக் கீழே இருக்கிற பாதி நான் என்னோடு வரவில்லை, அது தன் பாட்டில் உருண்டது. “மச்சான்” என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? ஒரு சுவர், ஒரு ஏர்க்கால், ஒரு காரின் பின் கண்ணாடி இடையில்.

கையில் நைலோன் இருந்தது. இழுத்தேன்.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. அந்த இடத்திலேயே பிரேக் போட்டார்.

பிறகு நடந்தது எனக்குப் பின்னால் நடந்தது. வண்டி முழுதும் ஒரு பக்கம் வீசியது. என் கண்ணாடிக்குள் வானம் வந்தது, வயல் வந்தது, திரும்ப ரோடு வந்தது, ஒரு இரும்புச் சத்தம் வந்தது. பின்பு ஒன்றும் இல்லை. கரவன் சரியவில்லை. இரண்டு சில்லிலும் நின்றது. பச்சைப் பெயின்ற் மணந்தது. பீப்பா கவிழ்ந்து தண்ணீர் என் முதுகுக்குக் கீழே வந்ததைத் தோளில்தான் உணர்ந்தேன். கண்ணாடியில் நாங்கள் வந்த ரோடு தெரிந்தது, வெறும் ரோடு, அதில் கறுப்பாக இரண்டு கோடு. அவர் என் தலைமாட்டுப் பக்கம், ஒரு இருபது அடி தூரத்தில் இருந்தார். என்னால் திரும்ப முடியவில்லை. மணியை இழுத்தேன். சத்தம் வந்தது. திரும்ப இழுத்தேன். எத்தனை தரம் இழுத்தேன் என்று தெரியாது. அவர் வரவில்லை.

ஒரு றெக்ரர் வந்து நின்றது. தம்பலகாமத்துத் தவராசா என்று பிறகு பெயர் சொன்னான். முதலில் முன்னுக்கு ஓடினான், நெடு நேரம் கழித்துத்தான் என் கண்ணாடிக்கு வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அவன் கதவைத் திறந்து, கட்டிலைப் பார்த்து, மூட்டையைப் பார்த்து, பீப்பாவைப் பார்த்தான்.

“எல்லாத்தையும் பின்னுக்கோ ஏத்தினவங்கள், அக்கா? இழுக்கிற பெட்டிக்குப் பாரம் முன்னுக்கெல்லோ இருக்க வேணும். பின்னுக்கு இருந்தா வால் ஆட்டும். ஆட்டினாப் பிரேக் போடக் கூடாது, காலை எடுத்திட்டுச் சும்மா விட வேணும்.” குற்றம் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். “அவருக்கு மதகுச் சுவர் அவர்ர பக்கத்தால இடிச்சுப் போட்டுது. உங்களுக்கு ஒண்டும் இல்லை. கொழுவி விடேல்லை.”

என்னைத் திரும்பவும் அதே கட்டிலுக்கு, அதே முகட்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். இவரை என் கூடத்தில் கிடத்திக் குளிப்பாட்டிக் கொண்டுபோனார்கள். சத்தத்தை வைத்து ஒவ்வொன்றையும் அறிந்தேன். புருஷன் போனவள் இத்தா இருக்க வேண்டும் என்றார்கள். நாலு மாதம் பத்து நாள் வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது. என்னிடம் இதைச் சொல்ல அவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

ஊர் அதற்குள் தன் கதையைச் செய்துவிட்டது. கனகரத்தினத்தின் குண்டு உடைந்ததாம், கரவன் கழன்றுபோய்க் காரை இடித்ததாம். பட்டறைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது என்று ரபீக்கா ராத்தா சொன்னாள். நாற்பதாம் நாளுக்குப் பிறகு ஒரு பின்னேரம் பாஸ் வந்தார். என் அறை வாசலில் திரை போட்டிருந்தது. அவர் திரைக்கு அந்தப் பக்கம் நின்றார், கால் பெருவிரல் மட்டும் எனக்குத் தெரிந்தது.

“தங்கச்சி, நான் அந்தக் காரைப் போய்ப் பாத்தனான். சாமான் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்தனான். நீங்கள் ஒண்டு மட்டும் சொல்ல வேணும். உள்ளுக்குள்ள இருந்தவ நீங்கள். கொழுவி விட்டுதோ?”

“இல்ல பாஸ். விடயில்ல. ஆர் கேட்டாலும் நான் அதைச் சொல்லுவன்.”

அவர் அழுதார். ஆண் பிள்ளை அழுகிற சத்தம் எனக்குப் பழக்கமில்லை. நல்ல வேலை செய்திருக்கிறார், அதற்காக அழ வேண்டியிருந்தது. கொழுவி விட்டிருந்தால் நான் எங்காவது பற்றைக்குள் போயிருப்பேன், என் புருஷன் தனியாக நேரே போயிருப்பார் என்று எனக்கு ஆயிரம் தரம் தோன்றியிருக்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

“ஒண்டுதான் எனக்கு இன்னும் விளங்கயில்ல” என்றார் கடைசியில். “றஊப் நானா இருபது வருஷம் கார் ஓடினவர். ரோட்டில மாடில்ல, மனிசரில்ல எண்டு தவராசா சொல்லுறான். அந்த இறக்கத்தில என்னத்துக்குப் பிரேக் போட்டவர்?”

பெருவிரல் அசையாமல் காத்திருந்தது.

“எனக்குத் தெரியாது பாஸ்” என்றேன். “நான் பின்னுக்குத்தானே பாத்துக்கிட்டு இருந்தன்.”

அவர் போன பிறகு ரபீக்கா ராத்தா அவர் கொண்டுவந்த சாமானைப் பிரித்தாள். இவருடைய மூக்குக் கண்ணாடி, செருப்பு ஒன்று, வெண்கல மணி. காரை இழுத்தெடுத்தபோது அறுந்த நைலோன் ஒரு அடி மணியில் இருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். என் மேல் உள்ள இரக்கத்தில் அதற்குப் புது நூல் கட்டி, கட்டில் சட்டத்தில் தொங்கவிட்டு, நுனியை என் கையில் கொண்டுவந்து வைத்தாள்.

“தண்ணி கிண்ணி வேணுமெண்டா இழு புள்ள. நான் எங்க நிண்டாலும் ஓடி வருவன்.”

ஏழு மாதமாக அது என் கைக்கு எட்டுகிற தூரத்தில் தொங்குகிறது. தாகம் எடுத்தால் அவளாக வரும்வரை கிடக்கிறேன்.